நாலு லோடுக்கு ஒரு லோடு

எளச்சிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி தேவிப்ரியாவுக்கு உன் அத்தை சௌந்திரம் ஆசீர்வதித்து எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மகன் சபரிநாதனும் எங்கள் பொக்லைன் இயந்திரமும் நலம். மூவரில் யாருக்கு எழுந்து நிற்கும்போது முட்டியில் சத்தம் வருகிறது என்பதை நீ ஊருக்கு வரும்போது நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

உனக்கு நன்றி சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொல்லும் நன்றிக்கு ஓரம் விட முடியாது. ஏற்காட்டுக் கான்வென்ட்டில் பதினோரு வருடம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். நன்றியைத் தாளில் இடப்பக்கம் ஓரங்குலம் விட்டு எழுத வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கினார்கள். காரணம் கொஞ்சம் நீளமானது. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படி.

உன் மாமா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவர் மண் வேலைக்கு விலை சொன்ன விதம் உனக்குத் தெரியாது. நிலத்துக்குப் போவார், செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பார், மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஒரு நடை நடப்பார், திரும்பி வந்து "நானூறு லோடு" என்பார். நான் அதைச் சுத்தமான தாளில் சுத்தமான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். நானூறு லோடுதான் ஆகும். அவருக்குப் பிறகு சபரி அதே நிலங்களில் அதே நடை நடந்தான். செருப்பைக் கழற்றினானா என்று நான் பார்க்கவில்லை. மல்லசமுத்திரத்தில் ஒரு குளம் வெட்டும் வேலைக்கு முந்நூற்று இருபது லோடு என்று விலை கொடுத்தோம். நானூறு லோடு போயிற்று. அடுத்து ஒரு கல்யாண மண்டபத்து வேலை, அதிலும் அதே கதை. டிரைவர்கள் அரை லோடு ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று நான் மூன்று பேரைத் திட்டினேன். அதில் ஒருவர் எங்கள் டிரைவரே அல்ல, வழி கேட்க நின்றவர். இப்படி இரண்டு வேலை கையைக் கடித்ததும் சபரி பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, திரும்பிப் பார்க்காமலே, "பொக்லைனை வெலைக்குக் குடுத்துர்லாமுங்கம்மா. போரு போடற ரிக்கு வண்டியோட மத்தியப் பிரதேசத்துக்கு மேனேசராப் போறேன். வருசத்துல எட்டு மாசந்தான்" என்றான். எட்டு மாதம்தானாம். பன்னிரண்டில் எட்டு போனால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ அந்தப் பேச்சை எடுத்தாய். "ஏனுங்கத்தை, அமெரிக்காக்காரங்களுக்கே நான் ஊட்டுல உக்காந்து மண்ணுக் கணக்குப் போட்டுக் குடுக்கறேன். அவங்கெல்லாம் இந்த வேலைய வெளியாள்கிட்டத்தான் குடுக்கறாங்க. சபரி மச்சானுக்குப் போட மாட்டனா?" என்றாய். எங்கள் ஊர் மண்ணைக் கோயம்புத்தூரிலிருந்து எண்ணுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "அந்த மண்ணை நீ கையிலாவது தொட்டுப் பாத்திருக்கியா சாமி?" என்று கேட்டேன். "அமெரிக்கா மண்ணையுந்தானுங்க தொட்டதில்லை" என்று சொல்லிவிட்டு நீ இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாய். பதில் சரியாக இருந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் சபரி உனக்கு அனுப்பினான். முட்டைப் பண்ணை அர்த்தநாரியின் ஆறு ஏக்கர் சரிவு நிலம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, ரோலர் விட்டு, கோழிக் கொட்டகை போடுவதற்குச் சமதளமாக்கிக் கொடுக்க வேண்டும். இந்த வேலை நன்றாக முடிந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் ரிக்குதான் என்று சபரி சொல்லவில்லை. ஆனால் பெட்டியை மச்சிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தான். சர்வேயர் எடுத்த மேடு பள்ள லெவல்கள் உனக்கு வந்தன. நான்காம் நாள் உன்னிடமிருந்து பதினான்கு பக்கம் வந்தது. வெட்ட வேண்டிய இடம் சிவப்பு, கொட்ட வேண்டிய இடம் நீலம். படம் அழகாக இருந்தது, அதற்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். பிறகு ஒன்பதாம் பக்கம் வந்தது. வெட்டிய மண் கால் பங்கு உப்பும், ஆகவே லாரி நடை கால் பங்கு கூடும் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே, கொட்டி ரோலர் விட்டால் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், ஆகவே வெளியிலிருந்து நூற்று நாற்பது லோடு மண் வாங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஒரே மண், ஒரே பக்கம், மேல் வரியில் உப்புகிறது, கீழ் வரியில் சுருங்குகிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கி ஆழத்தால் பெருக்கினால் வருவதுதான் மண். அதற்கு மேல் வருவதெல்லாம் கற்பனை. இரண்டு வரியையும் அடித்தேன், "அசிரத்தை, மீண்டும் செய்" என்று ஓரத்தில் எழுதினேன், நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு கொரியரில் திருப்பி அனுப்பினேன்.

நீ போனில் கோபப்படவில்லை என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

"அத்தை, நீங்க அடிச்ச ரெண்டு வரியிலதானுங்க லாபமே இருக்குது."

"மண்ணு என்ன இட்லி மாவா, பொங்கறதுக்கு?"

"கொல்லையில ஒரு குழி வெட்டி, அதே மண்ணை அதே குழியில கொட்டிப் பாருங்கத்தை. அப்புறம் எனக்குப் பூச்சியம் போட்டாலும் வாங்கிக்கறேன்."

உனக்குப் பூச்சியம் போடும் ஆசையில்தான் வெட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொக்லைன் ஓட்டும் சென்றாயன், "அம்மணி, வண்டியக் கொண்டாந்தா ஒரே வாயிதானுங்க" என்றான். கூடாது என்றேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கு மூலையும் டேப் வைத்து நானே பார்த்தேன். வெட்டிய மண் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் தார்ப்பாயில் விழுந்தது. திருப்பிக் கொட்டினோம். குழி நிரம்பியது. தார்ப்பாயில் இன்னும் மண் இருந்தது. அதையும் கொட்டியபோது குழிக்கு மேல் அரை அடிக்குக் குவியல் நின்றது. வீட்டு வேலைக்கு இருபது வருடமாக வரும் பெருமாயியைப் பார்த்தேன். "எம்மேல சத்தியமா நான் ஒரு புடி சேர்க்கலீங்கம்மணி. மண்ணைத் திருடிக் கொட்டி எனக்கு என்னங்க கெடைக்கப் போவுது?" என்று அழாத குறை. மறுநாள் கொய்யா மரத்தடியில் இரண்டாவது குழி. அதிலும் அரை அடி. மூன்றாவது குழிக்குச் சந்தேகமே வேண்டாம் என்று பெருமாயியைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் என்ன சங்கதி என்று கேட்க, அவளும் ஒவ்வொருவரிடமும், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, அம்மணி குழி மேல குழி தோண்டறாங்க, என்னையப் பாக்க உடமாட்டேங்கறாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். மாலைக்குள் அர்த்தநாரியே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க்கா, மூணு எடத்துல தோண்டியும் பொதையல் மாட்டலீங்களாமா? எங்கிட்டத் தண்ணி பாக்கற ஆளு ஒருத்தன் இருக்கறான், தங்கமும் பாப்பானான்னு கேக்கட்டுங்களா?"

"இது பொதையலில்லீங்க, உங்க வேலைக்கான கணக்கு" என்றேன். என் புடவை முழங்கால் வரைக்கும் செம்மண்.

"என்ற நெலத்துக்குக் கணக்குன்னா என்ற நெலத்துலயில்லீங்க தோண்டோணும்?" என்றார். நியாயமான கேள்விதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெலை வேணுமுங்க்கா. இல்லீன்னா வேலைய அந்தப் பரமத்தி பொக்லைன்காரங்களுக்குக் குடுத்துர்ற மாதிரித்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மூன்றாவது குவியலின் மேல் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்கச் சொன்னேன். சென்றாயன் இடித்தான். குவியல் இறங்கியது, தரைக்குச் சமமாக வந்தது, அங்கே நிற்கவில்லை. தரைக்குக் கீழே மூன்று விரற்கடை போய்த்தான் நின்றது. நான், பெருமாயி, சென்றாயன் மூவரும் குனிந்து பார்த்தோம். உப்பியதும் அந்த மண்தான், சுருங்கியதும் அந்த மண்தான், நீ எழுதிய அதே வரிசையில். "மிசினு ஓட்டற எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே" என்றான் சென்றாயன். முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலீங்களே, அம்மணி" என்றான்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காரணத்தைச் சொல்லாமல் நன்றி சொல்வது முறையல்ல, அதனால் எழுதுகிறேன். மல்லசமுத்திரத்துக் குளத்தின் பைலை எடுத்தேன். சபரி கைப்பட எழுதிய முதல் தாள் அதில் இருந்தது. நீளம், அகலம், ஆழம், முந்நூற்று இருபது. அதற்குக் கீழே "நாலுக்கு ஒண்ணு: எண்பது லோடு" என்று எழுதியிருந்தான். ஆக நானூறு. அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் அடித்து, "ஆதாரம் எங்கே? கூடுதல் கேட்பது நேர்மையல்ல" என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. என்னுடையதுதான். மண்டபத்துப் பைலிலும் அப்படியே.

சபரியைக் கூப்பிட்டேன். "ஏன்டா, நான் அடிச்சப்ப நீ வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னனுங்கம்மா. 'அப்பா எப்பவும் நாலுக்கு ஒண்ணு சேப்பாரு'ன்னேன். 'உங்கப்பாவுக்கும் நான்தான் திருத்தினேன்'னீங்க."

"அப்புறம் ஏன் மறுபடியும் சொல்லல?"

"அப்புறம் என்னங்க... ரிக்குக்கு ஆள் வேணும்னாங்க."

என்னோடு வாதாடுவதைவிட மத்தியப் பிரதேசம் பக்கம் என்று என் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது, தேவிப்ரியா. உன் மாமா என்னிடம் லோடு எண்ணிக்கையை மட்டும்தான் சொல்வார், நீளம் அகலம் ஆழம் ஒரு நாளும் சொன்னதில்லை. முப்பத்தாறு வருடம் அதை அவருடைய மறதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெருக்கிப் பார்க்க எதுவும் என் கையில் சிக்காதபடி மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று இரவே உன் பதினான்கு பக்கத்தையும் ஒரு புள்ளி மாற்றாமல் படியெடுத்தேன், சபரி அதன்படி விலை போட்டான். மறுநாள் காலையில் அர்த்தநாரி வாங்கிப் பார்த்தார், பரமத்திக்காரர்கள் சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கிறதே என்றார். நான் அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போய் மூன்று குழியையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "பாதி வேலையில வந்து அவங்க அதிகம் கேப்பாங்க, நீங்க மொதல்லயே கேட்டுட்டீங்க" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார். இருபத்தாறு நாளில் முடிந்தது. வெளியிலிருந்து நூற்று நாற்பது லோடு வேண்டும் என்றாய், நூற்று நாற்பத்து மூன்று ஆயிற்று. அந்த மூன்றுக்கு மட்டும் விளக்கம் எழுதி அனுப்பு. சபரி ரிக்குக்காரருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான். பெட்டி மச்சுக்குப் போய்விட்டது. நேற்றுச் சாப்பிடும்போது அவனாகவே மூன்று விஷயம் பேசினான், அதில் ஒன்று குழம்பில் உப்பு அதிகம் என்பது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆகவே, என் பிள்ளையை என் பக்கத்திலேயே இருக்கவைத்த உன் பதினான்கு பக்கத்துக்கு மனமார்ந்த நன்றி. உன் மதிப்பெண்ணை நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு என்று மாற்றியிருக்கிறேன். இனி எங்கள் மண் கணக்கு எல்லாம் உன்னுடையது. அதில் நான் தலையிடுவதில்லை. மண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன், அந்தப் பணிவோடு இருந்துகொள்வேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு என் முத்தங்கள். வீடும் தொழிலும் மேலும் மேலும் ஓங்கி, நீ நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயது இருக்க வேண்டும் என்று அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அத்தை,
சௌந்திரம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். சபரி நேற்று இரண்டு கான்ட்ராக்டர்களை வீட்டுக்கு அழைத்து வந்தான், ஒருவர் ஆத்தூர், ஒருவர் ராசிபுரம். "எங்கம்மா மூணு குழி வெட்டி மண்ணுக் கணக்கைக் கரைச்சுக் குடிச்சவங்க, உங்களுதையும் போட்டுக் குடுப்பாங்க" என்று அவர்களிடம் சொன்னான். "நம்ம வேலைய தேவிப்ரியா பாக்கட்டுமுங்கம்மா, நீங்க வெளிவேலையப் பாருங்க. உங்க கை சும்மா இருக்கவே கூடாது" என்றும் சொன்னான். என்மேல் அவனுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும். மறுக்க மனம் வரவில்லை, இரண்டையும் வாங்கிவிட்டேன். ஆத்தூர்க்காரர் கொடுத்த ஜவ்வரிசி ஆலைப் படத்தில் எது மேடு எது பள்ளம் என்று எனக்குப் புரியவில்லை. ராசிபுரத்துப் படத்தை எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்பதே புரியவில்லை. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முழுக் கணக்கும் போட்டு, உன் பெயர் எங்கும் வராமல், வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடு. திருத்துவதற்கு ஒரு நாளாவது வேண்டும் அல்லவா.