குப்பண்ணனின் தலைக்குள் ஒரு தராசு

இனி இந்த வீட்டில் தராசில் நிறுக்காமல் ஒரு துரும்பும் அசையாது என்று குப்பண்ணன் அறிவித்தார்.

எல்லாம் கைப்பேசியில் வந்த ஒரு மலையாள டாக்டர் செய்த வேலை. ஒரு காரியத்தில் இறங்குமுன் படப்போகும் பாட்டை ஒரு தட்டிலும், கிடைக்கப்போகும் பலனை மறு தட்டிலும் வைத்து மூளை நிறுத்துப் பார்க்கிறதாம். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் குப்பண்ணனுக்கு, யாரோ தன் ஜாதகத்தையே வாசித்தது போலிருந்தது.

"மூளைக்கு மலையாளத்துல தலச்சோறாமா பூவாத்தா. அதுக்குள்ள தராசு இருக்குதாமா."

"அங்கயும் சோறுதானுங்களா? சரி, ரசத்துக்குக் கருவேப்பிலை ஒடிச்சுட்டு வாங்க."

குப்பண்ணன் கண்ணை மூடி நிறுத்தார். "செருப்பைத் தேடோணும். வெயில்ல போவோணும். பறிச்சுட்டு வந்து, பொறவு நானே அதை எலையோரமா ஒதுக்கி வெக்கோணும். கட்டுப்படி ஆகாது புள்ள."

கருவேப்பிலை இல்லாத ரசம் வந்தது. பூவாத்தாள் சிரித்த முகத்தோடு இன்னொரு கரண்டி ஊற்றினாள். விவரம் தெரிந்த புருஷன் அப்போதே பயந்திருப்பான்.

மறுநாள் அவள் கேட்டாள். "காந்தலூர்ல என் தங்கச்சி புது ஊட்டுல பால் காய்ச்சறாளுங்க. நாலு நாள் போயிருந்துட்டு வரலாமுங்களா?"

"சந்தை நாள் நடுவுல வருதே! நான் இல்லீன்னா மாடெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிருமல்லொ? அதுபோக மலை வளைவு, வாந்தி, குளிரு. பலன் என்ன? ஒரு பை பூண்டு. கட்டுப்படி ஆகாது."

"சரிங்க."

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காப்பியோடு தன் சந்தை வித்தையையும் ஆற்றினார். "வாங்கறவன் மாட்டைப் பாக்கறதில்ல புள்ள, பக்கத்து மாட்டைப் பாக்கறான். அதனால நல்ல மாட்டுக்குப் பக்கத்துல நோஞ்சான் ஒண்ணக் கட்டி வெச்சிருவேன். நல்லது பொசுக்குன்னு போயிரும்."

"அப்ப அந்த நோஞ்சானுங்க?"

"அதையும் அவன் தலையிலயே கட்டீருவேனல்லொ!"

"அப்படீங்களா!" என்றாள் பூவாத்தாள், முதல்முறையாக அவர் தொழிலில் அக்கறையோடு.

விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். "ஏனுங்க, எங்கண்ணன் கூப்புட்டாருங்க. ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்களாமா. வாசம் ஆகாதுன்னு குடும்பத்தோட இங்க வந்து பத்து நாள் இருக்கறேங்கறாரு."

குப்பண்ணன் காப்பியைக் கீழே வைத்தார். மச்சான் ஆறுச்சாமி ஆபரேஷனில் எடுத்த பித்தப்பைக் கல்லைக் குட்டி பாட்டிலில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர். சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்துக் காட்டுவார். கையில் வாங்கிக் குலுக்கிப் பார்க்கவில்லையென்றால் விடவும் மாட்டார்.

"நாம ஊர்ல இருக்க மாட்டோம்னு சொல்லீரு!"

"பொய் எப்படீங்க சொல்றது? எங்கீங்க போறோம்?"

தராசு சடாரென்று சாய்ந்தது. "காந்தலூருக்கு!"

"சந்தை இருக்குதுங்களே."

"சந்தை எங்க ஓடியா போவுது?"

"வாந்தி..."

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கலாம்."

"குளிருங்க..."

"கம்பளி எதுக்கு இருக்குது? தலச்சோறு நிறுத்துச் சொல்லிப்போட்டுது. கெளம்பு புள்ள!"

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள் பூவாத்தாள். பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

உடுமலை, சின்னாறு தாண்டி வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே மலையேறினார். காந்தலூரில் பால் பொங்கியது. குப்பண்ணன் கம்பளிக்குள் உட்கார்ந்து, நிறுத்து முடிவெடுப்பதன் மேன்மையை மச்சினியின் புருஷனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளேயிருந்து மனைவி, மக்கள், மருமகள் என்று ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடைசியில் ஆறுச்சாமி, சட்டைப்பையைத் தடவிக்கொண்டே.

"மாப்ளே!"

"மச்சான்... ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறதாச் சொன்னாங்களே?"

"பெயிண்டா? ஆரு சொன்னா? தங்கச்சி ஊட்டு விசேஷத்துக்கு அண்ணன் வராம இருப்பனா?"

அது மட்டும் குப்பண்ணனின் எந்தத் தட்டிலும் ஏறியிருக்கவில்லை.

"இங்க ரூம் பத்தாதாமா மாப்ளே. உங்க ரூம்லயே படுத்துக்கச் சொல்லிருச்சு பூவாத்தா. இந்தாங்க, இதைச் சித்தெ புடிங்க" என்று பாட்டிலை அவர் கையில் வைத்தார்.

குப்பண்ணன் மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

பூவாத்தாள் பால் டம்ளரை நீட்டினாள். "நல்ல மாடு வித்தாச்சுன்னா, நோஞ்சானையும் வாங்கறவர் தலையிலயே கட்டோணுமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"