கட்டிலுக்கு அடியில் காலி இடம்

இனி சாகும்வரை எதையும் வாங்குவதில்லை என்று நான் சபதம் எடுத்தது கல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில். அப்போது என் இரண்டு கைகளிலும் பைகள் இருந்தன.

எல்லாம் ஒரு காய்ச்சலால் வந்தது. காய்ச்சல் என் மனைவி சுதேஷ்ணாவுக்கு. "மாத்திரை வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க" என்று அனுப்பினாள். நேராகத்தான் போனேன். வழியில் நடைபாதைக் கடைக்காரன் ஹாபுல், "வாங்கண்ணே" என்றான். மற்றவர்களுக்கு அது வரவேற்பு. எனக்கு அது கட்டளை.

வாங்கினேன்.

"மாத்திரை எங்கங்க?" என்றாள் சுதேஷ்ணா, போர்வைக்குள்ளிருந்து.

"முதல்ல இந்த டார்ச்சைப் பாரு. மூணு கலர்ல எரியும்."

"காய்ச்சல்காரிக்கு டார்ச் எதுக்கு?"

"கரண்ட் போச்சுன்னா மாத்திரையைத் தேட வேணாமா?"

"எந்த மாத்திரையை?"

திரும்ப ஓடினேன். மருந்துக் கடையை மதியத்துக்கு மூடியிருந்தார்கள். ஹாபுல் கடை திறந்திருந்தது. சபதத்தை அங்கேதான் எடுத்தேன், கொஞ்சம் தாமதமாக. கடைசியில் பக்கத்து வீட்டு கோஷ் அண்ணிதான் மாத்திரை கொடுத்தாள். சுதேஷ்ணா நடுங்கிக்கொண்டே அதை விழுங்கியதைப் பார்த்தபோது, வாங்கிய பைகளோடு பையாக நானும் கட்டிலுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

குடிகாரன் ஒருவிதத்தில் கொடுத்து வைத்தவன். வாசனை காட்டிக் கொடுத்துவிடும். ஊர் திட்டும். என்னைப் பார்த்த ஊரோ, "என்ன பொறுப்பா வீட்டுக்குச் சாமான் வாங்கிட்டுப் போறாரு" என்று மெச்சியது. கடையைக் கண்டால் உள்ளங்கை அரிக்கும். நெஞ்சு படபடக்கும். பேரம் பேசிப் பணத்தை நீட்டும் அந்த நொடியில் கல்கத்தாவே எனக்குச் சொந்தம். டிராம் ஏறுவதற்குள் அது வடிந்துவிடும். வீடு வரும்போது பெட்டியும் வெட்கமும்தான் மிச்சம். பிரித்துப் பார்க்கக்கூட மனம் வராது. சுதேஷ்ணா கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

காய்ச்சல் விட்டதும் அவள் என்னை மனநல மருத்துவர் நந்திதா லாஹாவிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"இது ஊதாரித்தனம் இல்ல ஷிபேன் பாபு. குடி மாதிரி இதுவும் ஒரு போதை. நீங்க சாமானுக்காக வாங்கல, வாங்குற அந்த நிமிஷத்துக்காக வாங்குறீங்க. திட்டினா தீராது. வைத்தியம் பண்ணா தீரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் நான் முட்டாள் என்று நினைத்திருந்தேன். நோயாளியாம். பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

"வாங்கினதை எல்லாம் என்ன பண்றீங்க?"

"கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன் டாக்டர்."

"இத்தனை வருஷமாவா? இடம் இருக்கா?"

"அதான் எனக்கும் அதிசயம். எவ்வளவு தள்ளினாலும் இடம் இருக்கு. அந்தக் காலத்துத் தேக்குக் கட்டில்."

டாக்டர் சுதேஷ்ணாவைப் பார்த்தார். சுதேஷ்ணா முந்தானையைச் சரிசெய்தாள்.

"நீ எதையாவது எடுத்தியா?" என்றேன்.

"பிரிக்காத பெட்டிங்கதானே? ஹாபுல்கிட்டயே கொடுத்துடுவேன். அவன் வித்துட்டுப் பாதி எனக்குத் தருவான்."

"எந்த ஹாபுல்?"

"உங்க ஹாபுல்தான். அவன் பொண்ணு நான் டீச்சரா இருக்கிற ஸ்கூல்லதான் படிக்குது."

நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். "அப்போ அந்த முட்டை அடிக்கிற மெஷினு? பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கினேனே?"

"அதை மூணு தடவை வித்தாச்சுங்க."

"மூணும் எனக்கா?"

"வேற யாரு வாங்குவா அதை?"

அந்தப் பெட்டியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தெரிந்த பொருள், நம்பி வாங்கலாம் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்டிப்பான குரலுக்கு வந்தார். "அந்த வியாபாரத்தை முதல்ல நிறுத்துங்கம்மா. இவரு பர்ஸை நீங்களே வெச்சுக்குங்க. இன்னைக்கே வைத்தியத்தை ஆரம்பிச்சுடலாம்."

மனப்பூர்வமாகத் தலையாட்டினேன். நான் திருந்திவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

சுதேஷ்ணாதான் தயங்கினாள்.

"அடுத்த மாசம் ஆரம்பிக்கலாமே டாக்டர். வருஷப் பிறப்புத் தள்ளுபடிக்குன்னு நிறைய சரக்கு இறக்கி வெச்சிருக்கோம்."