உசனாரின் பேரன்

"ரூம் ஈக்கு. ஆனா உங்களுக்கில்ல" என்றான் விடுதிக்காரன், நளீரின் செருப்பைப் பார்த்தபடி.

"அப்ப ஆருக்கு?"

"பட்டம் புடிச்சுக் கடல்ல சறுக்குற வெள்ளைக்காரங்களுக்கு. விலையக் கேட்டா நீங்களே வேணாம் எண்டுவீங்க."

நளீர் விலையைக் கேட்டார். வேண்டாம் என்றார்.

கற்பிட்டிக் கடற்கரையில் அவர் ஏறி இறங்கிய மூன்றாவது விடுதி அது. மற்ற இரண்டும் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்த சனத்தால் நிரம்பியிருந்தன. சண்டை முடிந்த பிறகு இந்தக் கரையில் தென்னையைவிட வேகமாக விடுதிகள்தான் முளைத்தன. ஆனால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவனுக்கென்று ஒன்றும் முளைக்கவில்லை.

நளீர் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞர். அதைவிடப் பெரிய பதவி ஒன்றை அவர் தமக்குத் தாமே வழங்கியிருந்தார்: செலவில்லாமல் ஊர் பார்க்கும் கலையில் நிபுணர். பகல் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர்களுக்கு இதைப் பற்றிச் சொற்பொழிவு செய்வார். "ஹோட்டல்ல தங்கிறவன் ஊரப் பாக்கல்ல, சுவரப் பாக்கிறான்" என்பது அவருடைய புகழ்பெற்ற வாசகம். புகழ்பெற்றது என்று சொன்னவரும் அவர்தான்.

"டொல்பின் எப்ப காட்டப் போறீங்க?" என்று கேட்டாள் நஃபீஸா. கலியாணமான நாளிலிருந்து கடற்கரைப் பயணமொன்று அவளுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. அவளுடைய கையில் துணிப் பை, தண்ணீர்ப் போத்தல், கணவனைப் பற்றிய நீண்டகால அனுபவம்.

"விடியக்காலம்."

இருவரும் உட்கார்ந்திருந்த தேத்தண்ணிக் கடையின் முதலாளி காதில் அது விழுந்துவிட்டது. "டொல்பினா? அது மார்கழி, தையிலதான் வார. இப்ப காத்து மட்டுந்தான். வேணுமெண்டாப் பாருங்க."

நஃபீஸா காற்றைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

இந்த வேளையில்தான், வெங்காயமும் ஏலக்காயும் நிரம்பிய பைகளோடு ஒரு பெண்மணி கடைக்குள் வந்து எதிர்க் கதிரையில் அமர்ந்தார். அறுபது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இருவரையும், அவர்களுடைய பையையும், செருப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கொழும்பா? ரூம் கிடைக்கல்லையாக்கும்."

"கொழும்புதான்" என்றார் நளீர்.

"சொந்த ஊரக் கேட்டன்."

நளீரின் கலை இங்கேதான் தொடங்குகிறது. எதிராளியின் பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே தாமும் சாய வேண்டும். பெண்மணியின் பேச்சு மன்னாருக்குச் சாய்ந்தது. நளீர் பேருவளையில் பிறந்து தெமட்டகொடையில் வளர்ந்தவர். மன்னாரை வரைபடத்தில் கண்டவர்.

"மன்னார்ப் பக்கம்" என்றார். "எருக்கலம்பிட்டி."

பெண்மணி பையைக் கீழே வைத்தார். "ஆர்ட ஆக்கள்?"

ஒரு பெயர் வேண்டும். எந்த ஊரிலும் உசனார் என்று ஒருவர் இருந்தே தீருவார் என்பது நளீரின் கணிப்பு.

"உசனாரப்பாட பேரன்."

"எந்த உசனார்? காது கேளாத உசனாரா?"

"ஓம். அவரோட கொஞ்சம் சத்தமாத்தான் கதைக்கணும்."

"மகன் வழியா, மகள் வழியா?"

மகன் வழி என்றால் உறவு நெருக்கம்; உறவு நெருங்கினால் அறையும் பெரிதாகும் என்று நளீர் கணக்குப் போட்டார். "மகன் வழி."

"யா அல்லாஹ்" என்று பெண்மணி நெஞ்சில் கை வைத்தார். "உசனார் என்ட மாமனார்ட கூடப்பிறந்த தம்பியெல்லோ. அப்ப நீங்க எனக்கு மகன் முறை. நான் ஸுலைஹா, சித்தி ஸுலைஹா. உங்கட சாச்சி. நாளைக்கு என்ட மகள், உங்கட தங்கச்சி ஸும்ராக்கு நிக்காஹ். நீங்க லொட்ஜ் தேடித் திரியிறீங்க. ஆரும் கேட்டாச் சிரிப்பாங்க."

ஓட்டோவில் ஏறும்போது நளீர் மனைவியின் காதில் சொன்னார்: "பாத்தியா? இதுதான் கலை."

"நிக்காஹ் வீட்டுல பொய் சொல்லிப் படுத்தா நித்திரை வருமா?"

"நல்லா வரும். கடக்கரைக் காத்து."

வீடு கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அறையும் பெரிது. ஆனால் நளீர் எண்ணிப் பார்க்காத ஒன்று இருந்தது. விருந்தாளி கடல் பார்க்கலாம். சொந்தக்காரன் பிரியாணிக் கிடாரம் தூக்க வேண்டும். பையை வைத்த கையோடு அவரிடம் ஒரு கத்தியும் வெங்காய மூட்டையும் கொடுக்கப்பட்டன. நஃபீஸாவை அடுப்படி அன்போடு இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தெமட்டகொடையில் அவர் பல வருடமாகக் கேட்டிராத சத்தம்.

வெங்காயம் உரித்த ஆம்பிளைகள் எல்லாரும் பெண் பக்கத்துச் சொந்தம். மாத்தளையிலிருந்து வந்த ரஸாக்கின் மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. காலியிலிருந்து வந்த நௌஃபர், கலியாண வீட்டுக்கு எதற்கோ நீச்சல் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். இவர்களில் ஒருவன் வாயைத் திறந்தால் உசனாரின் சாயம் வெளுத்துவிடும்.

"நீங்க எந்த வழி?" என்று நளீர் முந்திக்கொண்டு கேட்டார்.

"நானா?" என்றார் ரஸாக். "அந்தப் பக்கந்தான். வெங்காயம் சரியான காரம், என்ன?"

நல்ல மனிதர், துருவிக் கேட்கிற பழக்கமில்லாதவர் என்று நளீர் நிம்மதியடைந்தார்.

கிடாரம் தூக்கும் நேரம் வந்தபோது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சாச்சி, எனக்கு முதுகு வருத்தம்."

"அப்ப நீங்க தூக்க வேணாம் மகன். சம்பந்தியாரோட முன்னுக்கு இருந்து கதைங்க. எங்கட பக்கம் கதைக்க ஒரு ஆளில்லாமத்தான் கிடக்கு."

முன் பந்தலில் மாப்பிள்ளையின் தகப்பன் செய்னுலாப்தீன் ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். இறால் பண்ணைக்காரர். அவர் இருந்த கதிரையைத் தவிர மற்றவையெல்லாம் தாழ்ந்தவை போல் தோன்றும்படி இருக்கத் தெரிந்தவர்.

"எங்கட பக்கம் நாளைக்கு ரெண்டு பஸ் வருது" என்றார் ஹாஜியார். "உங்கட பக்கம்?"

உள்ளே, வாசல் சீலைக்குப் பின்னால், ஸுலைஹாவின் நிழல் அசையாமல் நின்றது.

"வருவாங்க" என்றார் நளீர்.

"எங்கிருந்து வருவாங்க? தொண்ணூறாமாண்டு மன்னாரால விரட்டுப்பட்டு வெளிக்கிட்ட சனம். ஆளுக்கொரு தேசம். ஆள் பலமில்லாத இடத்தில பொண்ணெடுக்கிறோமெண்டு என்ட மூத்த மச்சானுக்கு மனமேயில்ல. நாளைக்குப் பந்தலப் பாத்துட்டுத்தான் வாயத் திறப்பன் எண்டிருக்கிறார். நீங்க என்ன தொழில்?"

ஹாஜியாரின் குரல் நளீரின் உள்ளே எங்கோ குத்தியது. தலைமை எழுதுவினைஞர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அமைச்சில" என்றார். "மேல்மட்டத்தில."

ஹாஜியார் முதன்முறையாகத் தன் கதிரையில் சற்றே நகர்ந்து இடம்விட்டார். சீலைக்குப் பின்னால் நிழலும் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நளீருக்கு மட்டும் வட்டலப்பம் வந்தது.

படுக்கும்போது நஃபீஸா சொன்னாள்: "அந்த மனிசி என்ன சொல்லிச்சி தெரியுமா? ஊர்ல எண்டா நிக்காஹ் வைக்க ஒரு பந்தல் காணாதாம். புள்ளைட வாப்பா உசிரோட இல்ல; இப்ப உண்மையா வாரது அவர்ட தம்பி ஒராள்தான், ஜப்பார். களப்புக்கு அந்தப் பக்கம் உச்சமுனையில மீன் புடிக்கிறவர். வாப்பாட இடத்தில நிண்டு கைபிடிச்சுக் குடுக்கிற வலிகாரர் அவர்தானாம்."

"நாங்க இருக்கிறோமே" என்று வாய் தவறிச் சொன்ன நளீர், உடனே மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காற்று பேயாய் அடித்தது. பட்டம் விடும் வெள்ளைக்காரர்கள் சந்தோஷமாக வானத்தில் தொங்கினார்கள். களப்பில் படகு மட்டும் ஓடவில்லை.

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்தது. ஹாஜியாரின் இரண்டு பஸ்ஸும் வந்து நின்றன. மூத்த மச்சான் பந்தலைத் தலையெண்ணுகிறவர் போலப் பார்த்தார். பெண் பக்கத்தில் ரஸாக், நௌஃபர், முஆஸ் என்று வரிசையாகப் புதுத் தொப்பியோடு ஆட்கள் இருந்தார்கள். பதிவாளர் பேனாவைத் திறந்தார். மாப்பிள்ளை வியர்த்தார். வலிகாரர் மட்டும் இல்லை.

"ஜப்பார் எங்க?" என்றார் ஹாஜியார்.

"தோணி வரல்ல. காத்து."

"காத்து அடங்கும்வரைக்கும் என்ட சனம் பசியோட இரிக்கணுமா?" ஹாஜியாரின் பார்வை பந்தலைச் சுற்றி வந்து நளீரின் மேல் நின்றது. "ஏன், இவர் இரிக்கிறாரே. மகன் வழிப் பேரன். வாப்பா பக்கத்து ஆம்பிளை. அமைச்சில மேல்மட்டம். இவர் வலிகாரரா நிண்டாப் போச்சு."

பதிவாளர் தலையசைத்தார். "தகப்பன் வழி உறவெண்டா நிக்கலாம். வாங்க தம்பி, மாப்புளட கையப் புடிங்க."

நளீரின் வாழ்க்கையில் எத்தனையோ பொய்கள் உண்டு. எல்லாம் கட்டணம் சம்பந்தப்பட்டவை. இது அப்படியல்ல. இரத்த உறவில்லாத ஒருவன் கைபிடித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் நிக்காஹே செல்லாது. காலமெல்லாம் அது அவருடைய கழுத்தில்.

"ஹாஜியார், ஒரு சின்னத் திருத்தம். நான் மகள் வழி."

"நேத்து மகன் வழி எண்டாங்க."

"நேத்து முதுகு வருத்தம்."

மூத்த மச்சான் தொண்டையைச் செருமினார். "இவர் எந்த வழி எண்டு இவருக்கே தெரியாட்டி, இவங்க என்ன குடும்பம்?"

நளீர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல உள்ளே நடந்தார். ஸுலைஹா அடுப்படி வாசலில் நின்றார். பக்கத்தில் நஃபீஸா, கையெல்லாம் மருதாணி.

"சாச்சி, நான் உண்மையைச் சொல்லணும். நான் எருக்கலம்பிட்டியே…"

"வாய மூடுங்க மகன்" என்றார் ஸுலைஹா, மிக மெதுவாக. "ஜப்பார் வருவார். அவர் வாரவரைக்கும் நீங்க ஒருத்தர்ட கையும் புடிக்க வேணாம். கதைங்க. கொழும்பு ஆக்களுக்குக் கதைக்கத் தெரியாதா?"

"என்னத்தக் கதைக்கிற?"

"கந்தோர்ல சோத்து நேரம் கதைக்கிறதக் கதைங்க" என்றாள் நஃபீஸா. "அத ஒருத்தராலயும் நிப்பாட்ட ஏலாது."

நளீர் திரும்பிவந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "நிக்காஹுக்கு முன்னால் அமைச்சின் சார்பில் இரண்டொரு வார்த்தை" என்றார். அமைச்சு என்ற சொல்லைக் கேட்டதும் ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போக அவருடைய கௌரவம் விடவில்லை. அவர் இருக்கும்போது இரண்டு பஸ் சனமும் அசைய முடியாது.

நளீர் பேசினார். சொந்தம் என்றால் என்ன என்று பேசினார். கரையோர அபிவிருத்தி பற்றிப் பேசினார். ஹோட்டலில் தங்குகிறவன் சுவரைத்தான் பார்க்கிறான் என்றார். ஆலிம் ஒருவர் கண்ணயர்ந்தார். பிரியாணி ஆறியது. கடைசியில் சொல்ல ஒன்றுமில்லாமல் போனபோது, "இந்த வீட்டுக்கு நான் வந்தபோது என்னை எவரும் நீ யார் என்று விலக்கவில்லை. இருக்க இடம் தந்தார்கள், கையில் வெங்காயம் தந்தார்கள்" என்றார். அது மட்டும் உண்மை என்பதால் குரல் உடைந்தது. மூத்த மச்சான் கைக்குட்டையை எடுத்தார்.

அப்போது, முழங்கால்வரை நனைந்த சாரனோடு, சட்டையில் உப்புக் காய்ந்த ஒரு மனிதர் பந்தலுக்குள் நுழைந்தார்.

"ஜப்பார்" என்றார் ஸுலைஹா, உள்ளேயிருந்து.

ஜப்பார் கையைக் கழுவி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மூச்சு விடும் நேரத்தில் நிக்காஹ் முடிந்தது. வெளியே போகும்போது மூத்த மச்சான் நளீரின் தோளைத் தட்டி, "பொண்ணு பக்கம் நல்ல சனம்" என்றார்.

சஹன் வைத்தார்கள். ஆறு பேருக்கு ஒரு தட்டு. நளீர், ரஸாக், நௌஃபர், முஆஸ், கண்டியிலிருந்து வந்த ஒருவர், ஆறாவதாக வந்து அமர்ந்த ஜப்பார். ஆபத்து நீங்கிய உற்சாகத்தில் நளீரின் கலை மீண்டும் தலைதூக்கியது.

"சாச்சா, என்னத் தெரியாதாக்கும். நான் உசனாரப்பாட பேரன். மகன் வழி."

தட்டுக்குள் நான்கு கைகள் சட்டென்று நின்றன. ரஸாக்கின் உரிந்த மூக்கு மேலும் சிவந்தது.

ஜப்பார் மட்டும் நிதானமாகச் சோற்றைக் கிளறி, பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து நளீரின் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க மகன், கூச்சப்பட வேணாம். எங்கட வாப்பாக்குத் தம்பியே இல்ல. ஆனா இந்த சஹன்ல என்னைத் தவிர எல்லாரும் உசனார்ட பேரன்மார்தான். ஸுலைஹா மதினிட மூத்த மகள்ட நிக்காஹுக்கு இதுபோல நாலு சஹன் பேரன்மார் வந்தாங்க, அத மதினி டொல்பின் சீசன்ல வச்சவ."