வைரஸ் வராது என்று கருப்பு முன்னால் சொல்

செக்கானூரணி,
வியாழக்கிழமை

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் மாப்பிள்ளை ராம்கிக்கு, தாய்மாமன் முத்திருளன் எழுதுவது. நானும் உன் அத்தை நாகஜோதியும் இரண்டு மாடுகளும் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டார் சுகத்தையும் எழுதவும். இந்தக் கடிதத்தை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. காலையில் பால் கறந்துவிட்டு உட்கார்ந்தவன், இந்த வரிக்கு வருவதற்குள் இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டேன். எழுபது வயதில் பேனா என் சொல் கேட்கிறது மாப்பிள்ளை. இதைவிட எனக்கு என்ன வேண்டும்.

நிற்க. நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், அதற்கு வைரஸ் வராது என்று நீ சொன்னதை நம்பி, பால் சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இங்கேயும் அதையே போடுங்கள், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். போன மாதம் சொசைட்டிக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, பால் ஊற்றுகிறவர்கள் விவரமெல்லாம் அழிந்து ஊரே அலைந்ததால், எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கிளமெண்ட் சார் மட்டும் தட்டவில்லை. "அண்ணே, அதுல கம்மியாத்தான் வரும். வரவே வராதுன்னு எதுவும் கெடையாது" என்றார். "எங்க மாப்ள சொல்லிட்டான்ல" என்றேன். "அப்ப அவரைக் கருப்பு முன்னால சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்று சிரித்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டு வரப்புத் தகராறு முதல் ஆட்டுத் தகராறு வரை அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு கதவுக்கு முன்னால்தானே தீர்ந்திருக்கிறது. உனக்குப் போன் போட்டால், "மாமா, அம்புட்டா வராதுன்னுதான சொன்னேன்" என்று இழுக்கிறாய். அம்புட்டா என்று எவனாவது சத்தியம் செய்திருக்கிறானா?

இதற்கிடையில் நேற்று திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. அதில் நொடிகள் குறைந்துகொண்டே இருந்தன. நான் எழுத்துக் கூட்டி 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' வரைக்கும் வருவதற்குள் நேரம் முடிந்து பெட்டி மறைந்துவிட்டது. "என்னய்யா எழுதியிருந்துச்சு?" என்றாள் அத்தை. "முழுசா வாசிக்க விடல, மரியாதை தெரியாத பய" என்றேன். அது திருடர்கள் போடும் வலை, பதறி அமுக்கினால் எந்த லினக்ஸாலும் காப்பாற்ற முடியாது, உங்கள் நிதானம்தான் காப்பாற்றியது என்று கிளமெண்ட் சார் பிறகு சொன்னார். நேற்றே சாமி படத்துக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன், எதையும் முழுதாக வாசிக்காமல் அமுக்க மாட்டேன் என்று. என் சத்தியம் முடிந்தது, உன்னுடையதுதான் பாக்கி. அமாவாசைக்கு மறுநாள் சொசைட்டிக் கூட்டம். அமாவாசையன்று காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கு, நான் அங்கேயே நிற்பேன். வைரஸ் வருமா வராதா என்று கருப்பு முன்னால் ஒரே வார்த்தையில் சொல். சொல்ல முடியாவிட்டால், கை தட்டியவர்கள் முன்னால் என் வார்த்தையை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அழகர் உன்னையும் உன் பிள்ளைகளையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும் மாமன்
முத்திருளன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, நீ வைத்துக் கொடுத்த மெயிலில் ஒரு கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய முத்திருளன் அவர்களே' என்று இருந்தது. என் பெயர் போட்டு, நானே வாசித்த முதல் கடிதம் மாப்பிள்ளை. சத்தியத்தை மீறவில்லை, இரண்டு தடவை முழுதாக வாசித்த பிறகுதான் அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். இப்போது என் பெயரில் எல்லாருக்கும் கடிதம் போகிறதாம். கிளமெண்ட் சாருக்கு வந்துவிட்டது. உனக்கும் வரும், அமுக்காதே. சுகமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நேராக விஷயத்துக்கு வரும். அதை வைத்தே நான் எழுதவில்லை என்று தெரிந்துகொள்.