காரை உள்ளே வைத்துப் பூசியவர்

கடைசி ஓரத்தையும் பூசி முடித்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து நின்று, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் தார்க்காரர் அதைக் கவனித்தார். பாதை கறுப்பாக, பளபளவென்று, குளம் மாதிரி கிடந்தது. அதன் அந்தக் கோடியில், ஷெட்டுக்குள், கார் நின்றுகொண்டிருந்தது.

அவருடைய கார். அவருடைய வீடு.

வீட்டு முன்னால் கார் போய்வரும் தார்ப்பாதைக்கு, வெடிப்பை அடைத்துத் தண்ணீர் இறங்காமல் காக்கும் சீலர் என்ற கறுப்புப் பூச்சைப் பூசுவது அவர் தொழில். எந்த வாசலில் இறங்கினாலும், வாளியைத் திறக்கும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டிய வெளிய எடுத்தாச்சா?" என்பதுதான். சொந்த வீட்டில் கேட்க வேண்டியவரும் அவர், பதில் சொல்ல வேண்டியவரும் அவர். இரண்டு பேருமே சும்மா இருந்துவிட்டார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அன்று மத்தியான ரயிலில் அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள். "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் சொன்னாள். கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் தையல் மெஷினைக் கூடவே கொண்டு போவதில்லை. மெஷின் நேற்றே டிக்கியில் ஏறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாதைதான். வருஷம் முழுக்க ஈரக்காற்று அடிக்கிற ஊர். பாதை வெடித்து, வெடிப்பெல்லாம் பாசி படர்ந்து கிடந்தது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவரும் "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன மழையில் வழுக்கி விழுந்ததில் அவள் மணிக்கட்டு பிசகிவிட்டது. அதற்கு அவர் சொன்ன ஆறுதல், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பது. அப்புறம் அவள் பாதையைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும்கூடப் பேசவில்லை.

'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது தொண்டைவரை வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வாயால் வராததைக் கையால் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் விடிந்ததும் வாளியைத் திறந்தார்.

அவள் வாசல்படிக்கு வந்தாள். பாதையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பூச்சுக்கம்பும் கையுமாக நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"எப்ப காயும்?"

"வெயில் அடிச்சா சீக்கிரம் காஞ்சிடும்."

"வெயில் எங்க?"

இருவரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிழியாத துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி நாள்ல பூசவே கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானே?"

"நான்தான்."

"ம்" என்றாள் அவள்.

அந்த 'ம்' அவரைக் கிளப்பிவிட்டது. ரயிலடியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றாத வாக்குகளின் வரிசையில் இதுவும் சேர வேண்டாம்.

எதிர்வீட்டு வாசலில் ரிட்டயரான கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க பெரிய ஃபேனக் கொஞ்சம் குடுங்க."

"எடுத்துக்குங்க தம்பி."

"நீங்க காலைலேர்ந்து இங்கயேதானே இருக்கீங்க? கார் உள்ள நிக்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒயரு நீளம் பத்துதான்னு பாருங்க" என்றார் கண்டக்டர்.

ஃபேனைக் கேட் அருகே வைத்து முழு வேகத்தில் போட்டார். பாதை காயவில்லை. தெருவில் கிடந்த சருகெல்லாம் எழும்பி வந்து, ஒன்று விடாமல் அதில் ஒட்டிக்கொண்டது.

"டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்றார் அவர், பாதையின் இந்தக் கரையிலிருந்து.

"மெஷின் கார்ல இருக்கு."

"அத அப்புறம் அனுப்பி வைக்கிறேன்."

"மெஷின் இல்லாம அங்க போய் நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. தெருவில் நின்ற தன் வேலை லாரியிலிருந்து பலகைகளை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, காரை நோக்கி நடந்தார். மூன்றாவது பலகை வழுக்கியது. தார்க்காரர் தன் கைவண்ணத்தின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பார்த்து நடக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். கைக்கு எட்டியது செடிக்குத் தண்ணீர் விடும் குழாய். அது கையோடு வந்துவிட்டது. பீய்ச்சியடித்த தண்ணீரில், காலையிலிருந்து அவர் பூசிய மன்னிப்பெல்லாம் கரைந்து, கேட்டைத் தாண்டி, தெருவைக் கடந்து, கண்டக்டர் வீட்டு வாசல்வரை கறுப்பாக ஓடியது.

அவள் மெயின் வால்வை மூடிவிட்டு உள்ளே போனாள். ரயில் நேரம் கடந்துவிட்டது.

இடுப்புக்குக் கீழே கறுப்பாக, தார்க்காரர் வந்து கண்டக்டரின் படியில் உட்கார்ந்தார். நாளைக்கும் ஒரு ரயில் இருக்கிறது. இன்றைய கூத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அதில் போய்விடுவாள். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

"போகட்டும் அண்ணே. ஒழுங்கா வழியனுப்பக்கூடத் துப்பில்லாதவன்னு பேரெடுத்தாச்சு."

கண்டக்டர் தன் வாசலில் தேங்கிய கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா உங்கள நான் சும்மா விடமாட்டேன். பூச ஆரம்பிச்சதுலேர்ந்து பார்த்துட்டுதானே இருந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா எனக்கு இந்த நிலைமை வருமா? மறைக்காம சொல்லுங்க, ஏன் சொல்லல?"

கண்டக்டர் எதிர்வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லத்தான் தம்பி எழுந்து வந்தேன். உங்க வீட்டுக்காரம்மா ஜன்னல்ல நின்னுக்கிட்டு, சொல்லாதீங்கன்னு உதட்டுல விரல வச்சுக் காட்டிட்டாங்க."