மாமனார் சாவை நான் சொன்ன விதம்

எனக்கு வாய் கிடையாது. இதை என் மனைவி ஸ்டெல்லா சில நாள் பெருமையாகவும் பல நாள் சலிப்பாகவும் சொல்வாள். நாகல் நகரில் ஒரு பெயிண்ட் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். வருகிறவர் கலரைச் சொல்வார், நான் டப்பாவை எடுத்து வைப்பேன். அதற்கு மேல் பேச வேண்டி வந்தால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்கு எங்கிருந்தோ 'டிராஜடி' என்ற வார்த்தை கிடைத்தது. பத்தாவதோடு நின்றவன் வாயில் அது கம்பீரமாக இருந்தது. அதைவிட முக்கியம், அதைச் சொல்லித் தலையை ஆட்டிவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் பேச வேண்டியதில்லை. பஸ் போய்விட்டதா, டிராஜடி. கரண்ட் இல்லையா, டிராஜடி. செருப்பு வார் அறுந்தாலும் அதுதான். (எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டு மூன்று நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்டேன்.)

மாமனாருக்கு எண்பத்தொரு வயது. ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் காபிக்காக நாற்காலியில் உட்கார்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டார். மறுநாள் கோயில் திருவிழாக் கொடியேற்றம். அதனால் அன்று மாலை நாலு மணிக்கே அடக்கம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவின் அண்ணன் அருள் மச்சான் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் பெட்டிக்கு, ஒருவர் குழிக்கு, ஒருவர் பந்தலுக்கு.

"மாப்ள, நீங்க லூர்துக்கு ஒரு போன் மட்டும் போட்டுருங்க. உடைச்சுச் சொல்லிராதீக. ஒத்தையில வரணும்ல."

லூர்து ஸ்டெல்லாவின் தங்கை, வீட்டின் கடைக்குட்டி, அப்பா செல்லம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சாவைச் சாவென்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. 'கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா' என்போம். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். புரியாத மாதிரியே அழுதுகொண்டு பஸ் ஏறுவார்கள். எல்லாம் சொல்கிறவன் குரலில் இருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன்.

"லூர்து, வீட்ல ஒரு டிராஜடி."

"என்னத்தான், அக்கா ரசத்துக்கு உப்புப் போடலையா?" சிரித்தாள்.

"இல்ல, மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்."

"மாத்திரை போட்டாரா இல்லையா?"

"இனிமே தேவையில்ல."

"டாக்டரே நிப்பாட்டச் சொல்லிட்டாரா? வலி கிலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்ல. அமைதியா இருக்காரு."

"அப்பத் தூங்கட்டும் விடுங்க. இங்க லீவு கேட்டா சூப்பர்வைசர் கடிச்சு வச்சிருவான். ஞாயித்துக்கெழம வாரேன்."

வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டீகளா மாப்ள?"

"சொல்லிட்டேன்."

"வருதா?"

"வாரேன்னுச்சு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

திரும்பக் கூப்பிடலாம் என்று ஐந்தாறு முறை போனை எடுத்தேன். 'வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்' என்று பையில் போட்டேன். மச்சானோ வந்தவர்களிடமெல்லாம், "லூர்து வழியில வருது, யாரும் போனைப் போட்டு உளறிராதீக" என்று உத்தரவு போட்டிருந்தார். அந்தச் சொந்தக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தது அன்று மட்டும்தான். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். பிறகு வரிசையை மாற்றிப் போட்டேன்.

இரண்டு மணிக்கு ஸ்டெல்லா பெட்டியின் மேலிருந்து தலையைத் தூக்கினாள். "லூர்து எங்க வருதுன்னு கேளுங்க. ஒட்டன்சத்திரம் தாண்டிருச்சா?"

கூப்பிட்டேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம்.

"சொல்லுங்கத்தான். அப்பா எந்திரிச்சாரா?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த நேரம் பார்த்துச் சின்னாளபட்டிச் சொந்தக்காரப் பெண்கள் வாசலில் நுழைந்து, "எங்கய்யா போனீக, எங்கள விட்டுட்டு" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். நான் சொல்லாததை அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

போனில் மெஷின் சத்தத்துக்கு மேலே லூர்துவின் குரல் வந்தது.

"எப்ப?" என்றாள்.

"காலைல எட்டு மணிக்கு."

"ஒம்பது மணிக்கு என்கிட்டப் பேசுனீங்களே அத்தான்."

எண்பத்தொரு வயதில் வலியில்லாமல் நாற்காலியிலேயே போவது கொடுப்பினை. எட்டு மணிக்கு நடந்தது ஒரு சாவு, அவ்வளவுதான். ஒன்பதிலிருந்து இரண்டு வரை நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேனே, அதுதான் டிராஜடி. இத்தனை வருடம் சொல்லித் திரிந்த வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மச்சானிடம் சொன்னேன். சாவு வீடு என்பதால் அடிக்கவில்லை. "நீங்க பெயிண்ட் டப்பாகூடப் பேசத்தான் மாப்ள லாயக்கு" என்றார். அவர் கெஞ்சியதில் சாமியார் அரை மணி நேரம் தள்ளி வைத்தார். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி போனபோது ஐந்தே கால். லூர்துவின் பஸ் ஒட்டன்சத்திரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"வீடியோ கால் போடுங்க. நீங்களே பிடிங்க" என்றார் மச்சான். அது உதவி இல்லை, தண்டனை.

குடைக்குள் நின்று மாமனார் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தேன். லூர்து என்னவோ கத்தினாள். அழுகிறாள் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மூடியை வைத்து ஆணி அடித்த பிறகுதான் அவள் கத்தியது காதில் விழுந்தது. "விரல எடுங்கத்தான். விரல எடுங்க."

ஆறேகாலுக்கு வந்தாள். ஈர மண்மேட்டின் முன்னால் நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வருடம் என்னோடு பேசவும் இல்லை.

முதல் வருட நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளில் யாருக்குத் தாத்தா சாடை என்று பேச்சு வந்தது. ஒருத்திக்கு மூக்கு, ஒருத்திக்குக் காது என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அத்தானோட கட்டவெரலுதான் அப்பா சாடை" என்றாள் லூர்து. "கடைசியா அதத்தான பாத்தேன்."

அருள் மச்சானுக்குப் புரையேறியது. அவர் சிரித்தார், ஸ்டெல்லா சிரித்தாள், எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

இப்போது குடும்பத்துக்குப் புது மருமகனோ மருமகளோ வந்தால் முதலில் என் கட்டைவிரலைத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். "தாத்தாவக் கும்பிட்டுக்க" என்பார் மச்சான். நானும் விரலைத் தூக்கிக் காட்டுவேன். வீடே சிரிக்கும். லூர்துவும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் விரலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்வேன்.