வாத்தியார் பிடித்த கை

பத்து சோப்புக்கு ஒரு சோப்பு குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் வளைவு வரை ஒழுங்காக வந்துவிட்டு, அங்கே யார்மேல் என்ன கோபமோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு காகிதம் சுற்றும் மெஷினுக்குள் போனது. வெளியே வரும்போது அதன் பாதி உடம்புக்குத்தான் காகிதச் சட்டை இருந்தது.

"நிறுத்திட்டு ஒரு நிமிஷம் பாத்துடறேன் சார்," என்றார் மெக்கானிக் அம்மா.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. இதை நான் பாத்துக்கறேன்." மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

இந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று மணிக்கு முதலாளியம்மா வருகிறார். மூன்று தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து ஒரே தலைவரைப் போடப் போகிறார்கள். இருபத்தைந்து வருஷமாக இதே நாற்காலியைத் தேய்த்தவருக்கு அந்தப் பதவி மேல் ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். 'என் தலைமைப் பண்புக்கு அடித்தளம் கல்லூரியில் படித்த செய்முறைப் படிப்பே' என்று விண்ணப்பத்தில் எழுதி, விசாரித்துக்கொள்ளக் கல்லூரிப் பட்டறை வாத்தியாரின் விலாசத்தையும் கொடுத்திருந்தார். முதலாளியம்மா விடுகிற ஆளில்லை. வாத்தியாரையும் கையோடு அழைத்து வருவதாகக் காலையில்தான் போன் வந்தது.

"எங்க வாத்தியாரை உங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் மேனேஜர், ஸ்பேனரைத் தேடிக்கொண்டே. "செய்முறைத் தேர்வு அன்னிக்கு நான் இரும்பு கடையற லேத் மெஷின்ல வேலை செஞ்சதைப் பாத்துட்டு, ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. 'தம்பி, நீ நாலு பேரை வச்சு வேலை வாங்க வேண்டியவன்'னார். அந்த ஒரு வார்த்தையாலதான் நான் நிர்வாகத்துக்கே வந்தேன்."

"அதுக்கப்புறம் மெஷினைத் தொட்டிருக்கீங்களா சார்?"

"எங்கம்மா நேரம்? ஆனா கை மறக்குமா?"

கை மறந்திருக்கவில்லை. வளைவில் இருந்த தடுப்புக் கம்பியை அவர் இரண்டு சுற்று முறுக்கினார். இப்போது எந்த சோப்பும் திரும்பவில்லை, நகரவும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.

"வேகம் பத்தல," என்று மேனேஜர் குமிழைத் திருகினார்.

சோப்புகள் பறந்தன. பெட்டி அடுக்குகிற பெண்கள் இருவரும் அனுபவசாலிகள், நேராக மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள்.

"இப்பப் புரிஞ்சுபோச்சு. பெல்ட்டுல பிசுக்கு!" மேனேஜர் தண்ணீர்க் குழாயை இழுத்தார்.

"சார், அது சோப்பு சார்..."

"சோப்புன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

தெரிந்துதான் தண்ணீரைத் திறந்தார். ஐந்தே நிமிடத்தில் கணுக்கால் வரை நுரை. மெஷின் ஒருமுறை விக்கிவிட்டு நின்றுபோனது.

கடிகாரத்தில் மூன்றாகப் பதினைந்து நிமிடம் இருந்தது. மேனேஜருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இருபத்தைந்து வருஷத்தை ஒரே மத்தியானத்தில் தன் கையாலேயே கழுவி விட்டுவிட்டோமே என்று நினைத்தார். ஸ்பேனரை நீட்டினார்.

"நீங்களே பாருங்கம்மா. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

"இந்த நுரை போகணும் சார்."

அவ்வளவுதான், மேனேஜருக்குப் பழைய குரல் திரும்பியது. "மேஜைக்கு அடியில இருக்கற ரெண்டு பேரும் வெளியே வந்து தண்ணியைத் தள்ளுங்க. குடோன்ல இருந்து நாலு பேரைக் கூப்பிடுங்க. அந்தக் கதவைத் திறந்து வைங்க. பெட்டி நனையாம மேலே ஏத்துங்க!" ஆளுக்கொரு வேலை, ஒருவர் இன்னொருவர் மேல் மோதவில்லை. அதற்குள் மெக்கானிக் அம்மா பெல்ட்டைத் துடைத்து, கம்பியைத் தளர்த்தி, வளைவில் ஒட்டியிருந்த சோப்புச் சீவல் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். காலையிலிருந்து நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சீவல்தான்.

மூன்று மணிக்கு முதலாளியம்மா உள்ளே வந்தபோது சோப்புகள் வரிசை தவறாமல் போய்க்கொண்டிருந்தன. பின்னால் பட்டறை வாத்தியார், தலை முழுக்க வெளுத்து, கைத்தடியோடு வந்தார்.

"தரை இப்படிப் பளபளன்னு இருந்து நான் பாத்ததே இல்லையே!" என்றார் முதலாளியம்மா.

பொய் சொல்ல மேனேஜருக்கு மனசு வரவில்லை. "மெஷினைக் கெடுத்தது நான்மா. சரி பண்ணினது இவங்க."

 முதலாளியம்மா வாத்தியார் பக்கம் திரும்பினார். "என்ன வாத்தியாரே, இவரை நம்பி மூணையும் குடுக்கலாமா?"

வாத்தியாரின் பார்வை மேனேஜரின் ஈரமான சட்டைக் கையில் கொஞ்ச நேரம் நின்றது.

"தாராளமாக் குடுங்கம்மா. ஆளுங்களை வச்சு வேலை வாங்க இவரை மாதிரி கிடைக்காது."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஸ்பேனரை மட்டும் வாங்கி வச்சுக்குங்க," என்றார் வாத்தியார். "தேர்வு அன்னிக்கு எங்க பட்டறையில இருந்த நாலு லேத்துல மூணைக் கெடுத்து நிறுத்திட்டு, நாலாவது பக்கம் நடந்தாரு. அப்பத்தான் ஓடிப்போய் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன்."